புளி மார்க் கோலிப் பெட்டி

கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுவாராம். பேண்டு வாத்தியக்காரர்கள் போடுவார்களே, அந்த மாதிரி வெள்ளைத் துணிக் கையுறை, ஒவ்வொரு விரலாக இழுத்து இழுத்து மாட்டுகிறார். மாட்டட்டும். நான் அந்தப் பெட்டியை இத்தனை வருஷமும் மூக்குப்பொடிக் கையோடுதான் எடுத்தேன், வைத்தேன், அதற்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. இன்பராஜ் என்று பேர், பாளையங்கோட்டைக்காரர், பழைய சாமான்களுக்கு மதிப்புச் சொல்வது தொழில், பழைய தகர டப்பா, பழைய லேபிள், பழைய பொம்மை எதை நீட்டினாலும் கண்ணில் லென்சை வைத்துப் பார்த்து அசலா போலியா, என்ன பெறும் என்று சொல்லிவிடுவாராம். மதுரையில் என் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடியை ஓரந்தள்ளிவிட்டுக் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து அதன் நடுவில் என் கோலிப் பெட்டியை வைத்திருக்கிறார். எதிர் நாற்காலியில் நான். மேஜைமேல் ஒரு பழைய சாமான், நாற்காலிமேல் ஒரு பழைய சாமான், லென்சு எதற்காக வந்திருக்கிறது என்று எனக்கா தெரியாது. திருமலை, என் மகன், ஃபிரிட்ஜில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான். மருமகள் அகிலா அடுப்படியில் புளி கரைக்கிறாள், கரைக்கிற கை அடிக்கடி நின்றுபோகிறது, காது இங்கே இருக்கிறது. விற்பதற்காக யாரும் இவரை வரவழைக்கவில்லை. டாக்டர் சொல்லித்தான் வரவழைத்திருக்கிறார்கள். உங்கப்பா சொல்றதுல ஏதாவது ஒண்ணை எடுத்துச் சரிபார்த்துப் பாருங்க, இந்த வயசுல நடுவுல விட்டுப்போறதை எல்லாம் மூளையே இட்டுக்கட்டி நிரப்பிக்கிடும், அவருக்கு அது பொய்னே தெரியாது என்று அந்தப் பிள்ளை என் முன்னாலேயே சொன்னான், மூக்கில் கண்ணாடியும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக. பொய்னே தெரியாதாம். பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக நின்று பல்பொடி விற்றவன் நான். கோவில்பட்டியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் என் பல்பொடியில் பல் விளக்கிய கிழவனுக்கு மறுபடி பல் முளைத்தது, முளைத்த பல்லால் அவன் மருமகனைக் கடித்தான், கேஸ் ஆனது, ஜட்ஜ் என்னிடம் பொடி வாங்கினார். ஒவ்வொன்றையும் தெரிந்து சொன்னேன், உப்புப் பார்த்துச் சொன்னேன், தாளிதம் சரியாக இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துச் சொன்னேன். பொய் சொல்லுகிறவன் என்று ஊரே சொன்னது, நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன், அது நான் சம்பாதித்த பேர். அதைப் பிடுங்கிக்கொண்டு நோயாளி என்று வேறு பேர் வைப்பதற்கு இவன் யார்.

திங்கட்கிழமை படம் பிடிக்கிறார்கள். தலையை ஒரு குழாய்க்குள் விட்டு, மூளையைத் துண்டு துண்டாகப் படம். அதற்கு முன்னாலேயே வீட்டுச் சாவி என் இடுப்பிலிருந்து ஆணிக்குப் போய்விட்டது, தெருமுனை டீக்கடைக்குப் போனாலும் வாட்ச்மேன் பின்னாலேயே வருகிறான், கேட்டால் சும்மா காத்து வாங்க வந்தேன் தாத்தா என்கிறான், எனக்கே பொய் சொல்கிறான், அதுவும் மட்டமான பொய். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. இந்த வீட்டில் நான் வாயைத் திறந்தால் சட்டென்று விழுகிற வார்த்தை ஒன்று இருந்தது. அளக்காதீங்கப்பா. திருமலை ஆறேழு வயதில் சொல்ல ஆரம்பித்தது. அவன் அம்மா அளக்காதீங்க என்பாள், அவன் கூடவே ஒரு அப்பாவைச் சேர்த்துக்கொள்வான். அந்த வார்த்தை விழுந்தால்தான் எனக்கு அடுத்த வரி வரும், தபேலாக்காரனுக்கு ஜால்ரா மாதிரி. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அது நின்றுபோயிற்று. இப்போது எதைச் சொன்னாலும் சரிப்பா என்கிறான். போன வாரம் சாப்பிடும்போது வேண்டுமென்றே, வைகையில் திமிங்கிலம் ஏறி வந்து யானைக்கல் பாலத்தடியில் முட்டிக்கொண்டு நின்றது, நான்தான் வாலைப் பிடித்துத் திருப்பிவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியாப்பா, சாதம் இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க என்றான். அகிலா குனிந்துகொண்டாள். வைகையில் தண்ணீர் வந்ததையே நம்பக்கூடாது, திமிங்கிலம் வந்ததற்கு ஒரு பிள்ளை சரிப்பா என்கிறான். அளக்கிறவனை அளக்காதே என்று சொல்ல ஆளிருக்கிற வரைக்கும் அவன் மனுஷன். சரி சரி என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டால் அவனுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

இன்பராஜ் பெட்டியைச் சின்ன விளக்கடியில் சாய்த்துப் பார்க்கிறார். ஒரு சாண்கூட வராத அட்டைப்பெட்டி. மூடியில் படம், முன்னங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிற புலி, அதன் எதிரே இரண்டு பையன்கள் மண்டியிட்டுக் கோலி அடிக்கிறார்கள், புலியின் முகத்தில் அடுத்த ஆட்டம் நமக்கு என்கிற ஆவல். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் புளி மார்க் கோலிகள். படத்தில் புலி, எழுத்தில் புளி. பெட்டியைச் சுற்றி ஒரு ரோஸ் காகிதப் பட்டி, ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறது, பிரிக்கவே இல்லை. லென்சுக்குள்ளிருந்து அவர் கண் வாழைப்பூ மாதிரி பெரிதாகத் தெரிகிறது. "அச்சு பழசுதான்," என்கிறார் மெதுவாக. "இப்போ அடிச்சா புள்ளி புள்ளியாத் தெரியும். இது மணல் தூவின மாதிரி இருக்கு." சரி, அசல். "ஆனா இந்த எழுத்து." ஆமாம், எழுத்து. "புலி மார்க் பெட்டி நான் ரெண்டு மூணு பார்த்திருக்கேன் ஐயா, பிரிச்சது. எல்லாத்துலயும் சரியாத்தான் போட்டிருக்கு. புளின்னு போட்டது இப்பத்தான் பார்க்கறேன். ஒண்ணு, இது யாரோ தெரியாம அடிச்ச போலியா இருக்கணும். இல்லைன்னா தப்பா அச்சாகி வெளியே வராமப் போன சரக்கா இருக்கணும். அப்படின்னா இதுக்கு ஜோடியே கிடையாது." திருமலை ஃபிரிட்ஜை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். "பிரிச்சுப் பார்த்தாத் தெரிஞ்சுடாதா சார்?" இன்பராஜ் குழந்தையிடமிருந்து கத்திரிக்கோலைப் பிடுங்குகிற மாதிரி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பிரிச்சா வெறும் கோலி சார். தெருவுல கிடைக்கும். இதுக்கு மதிப்பே யாரும் உள்ளே பார்க்கலைங்கறதுதான்." எழுந்துபோய் அவர் கையுறையை முத்தமிடலாம் போலிருந்தது எனக்கு. பார்க்காமல் இருப்பதற்கு விலை. பிரிக்காத வரைக்கும் விலை. என் ஜாதிக்காரர் ஐயா இவர், இவர்தான் டாக்டராகப் படித்திருக்கவேண்டும், என் தலையைக் கையில் எடுத்து லேசாக ஆட்டிப் பார்த்து, பிரிக்காதீங்க, பிரிச்சா வெறும் மூளை, கசாப்புக் கடையில கிடைக்கும் என்று சொல்லியிருப்பார்.

எழுத்து ஏன் புளி என்று நான் சொல்லாத காரணமா. குற்றாலத்துக்கு மேலே செங்கோட்டை ரோட்டில் பஸ் நின்றது, நடுரோட்டில் புலி, கண்டக்டர் பயத்தில் விசிலை விழுங்கிவிட்டான், அதற்கப்புறம் ரிடயர் ஆகிற வரைக்கும் அவன் பெருமூச்சு விட்டாலே பஸ் நின்றது. நான் இறங்கிப் போனேன், பையில் கோலி கிடந்தது, ஒன்றை உருட்டினேன், அது பாதத்தால் திருப்பி உருட்டியது, குழி தோண்டி ஆடினோம், புலி தோற்றது, தோற்றவுடன் ஆட்டமுறைப்படி முட்டியை மடக்கித் தரையில் வைத்துக் காட்டியது, கோலியால் அடி வாங்க. நான் அடிக்கவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் மரியாதை என்று ஒன்று வேண்டாமா. என் சாப்பாட்டு மூட்டையிலிருந்த புளியோதரையைக் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. கம்பெனிக்காரன் கேள்விப்பட்டு அந்தப் புலியைப் படமாகவும் அந்தப் புளியை எழுத்தாகவும் போட்டு எனக்கு ஒரு பெட்டி அனுப்பிவைத்தான். இது ஒன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒற்றைக்கண் மாலுமி ஒருத்தன், பல்பொடிக்குப் பதிலாக இந்தப் பெட்டியைக் கொடுத்தான், அவனுடைய கண்ணாடிக் கண்ணும் கோலியோடு கோலியாக இதற்குள்தான் கிடக்கிறது, அமாவாசையன்று பெட்டியைக் காதில் வைத்தால் இமை கொட்டுகிற சத்தம் கேட்கும். இது இரண்டு, இதைக் கேட்டுத் திருமலை சின்ன வயதில் அமாவாசைக்கு அமாவாசை அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்வான். ஒரு ஜமீன் வாரிசு, கோலியில் என்னிடம் தோற்று, தோப்பைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தோப்பிலிருந்த ஒரே மரத்தின் பேரைப் பெட்டியில் அச்சடித்துக் கொடுத்தான். புளியமரம். ஆக மூன்று. இன்னும் இருக்கிறது. அத்தனையும் அருமையான சரக்கு, எதிலும் ஓட்டை கிடையாது. ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், ஐயா, இதை யாரிடமும் சொல்லவில்லை, ஓட்டை எங்கே என்றால், நிஜமாக அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்துதான் இருந்தது. முன்பெல்லாம் பொய்யைக் கையால் ஒதுக்கினால் அடியில் நிஜம் கிடக்கும், அரிசிப் பானைக்குள் படி கிடக்கிற மாதிரி. அரிசி எவ்வளவு கொட்டினாலும் கையை விட்டால் விளிம்பு தட்டுப்படும், அதை எடுத்துத்தான் அளப்பது. இப்போது கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவுகிறேன், அரிசி, அரிசி, அரிசி, படியைக் காணோம். மாலுமியை எடுத்துப் போடு, ஜமீனை எடுத்துப் போடு, புலியை எடுத்துப் போடு. போட்டால் வெறும் மேஜையும் பெட்டியும்தான் மிஞ்சுகிறது. மற்றதெல்லாம் இருக்கிறதே, பல்பொடிக்குச் சொல்கிற வாசகம் முழுக்க இருக்கிறது, கோவில்பட்டியில் குடியிருந்த வீட்டுக் கதவு எந்தப் பக்கம் உரசும் என்று இருக்கிறது, சண்முகத்தாய் இருக்கிறாள். என் பெண்டாட்டி, திருமலையின் அம்மா, சாத்தூர்க்காரி, ரேழியில் விட்ட அவள் செருப்பு ஒன்று எப்போதும் குப்புறக் கிடக்கும். அவள் போன அன்றைக்கு மழை. ஆமாம், நல்ல மழை, பந்தல் போட முடியவில்லை. இல்லை, அது எங்கம்மா போன அன்றைக்கு. சண்முகத்தாய் போனது வெயிலில். வெயிலா. வெயில்தான், தார் ரோட்டில் காலை வைக்க முடியாமல் யாரோ குதித்தான், யார் குதித்தது. விடு, அதை விடு, மழையோ வெயிலோ போய்விட்டாள். பெட்டிக்கு வா. பெட்டிக்கு வந்தால் புலி உட்கார்ந்திருக்கிறது, வழியை மறித்துக்கொண்டு, முட்டியைக் காட்டிக்கொண்டு. நான் உண்டாக்கின புலி என்னையே உள்ளே விடமாட்டேன் என்கிறது. அந்த டாக்டர்ப் பிள்ளை சொன்னது சரியாக இருந்துவிடுமோ. காது விஷயம் வேறு இருக்கிறது. பொய் சொல்லும்போது நான் இடது காது மடலைத் தடவுவேனாம், கல்யாணமான புதிதிலேயே சண்முகத்தாய் கண்டுபிடித்துவிட்டாள், ஊரிலே கதையைப் பார்க்கிறாக, நான் காதைப் பார்க்கிறேன் என்பாள். பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஒருநாள் கதவுக்கு அந்தப் பக்கம் திருமலை போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "அப்பா இப்பல்லாம் காதைத் தொடறதே இல்லடா. சொல்றதை அவரே நம்பறார்." அன்றிலிருந்து நான் ஞாபகமாகத் தொட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். சிலசமயம் நிஜத்தைச் சொல்லும்போதும் தொட்டுவிடுகிறேன். நேற்று எனக்குப் பசிக்குது என்று சொல்லும்போது தொட்டேன், அகிலா பயந்துபோய்ச் சோறு போடலாமா வேண்டாமா என்று நின்றாள். தானாக வரவேண்டிய கையை ஆள் வைத்துக் கூட்டிவந்தால் இப்படித்தான்.

இன்பராஜ் பெட்டியைக் காதோரம் வைத்து, ஆட்டினாரா ஆட்டவில்லையா என்று தெரியாதபடி ஒரு ஆட்டு ஆட்டினார். டிக் என்றது. அப்புறம் சரசர என்று ஒன்று. முகத்தைச் சுளித்தார். குட்டித் தராசில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "என்ன சார்?" என்றான் திருமலை. "கண்ணாடி இருக்கு. ஆனா கண்ணாடி மட்டும் இல்லை. கனம் கம்மி. வேற ஏதோ லேசானது கலந்திருக்கு." "வேற என்ன?" "அதை வெளியேருந்து எப்படி சார் சொல்றது?" திருமலை என்னைப் பார்த்தான், அந்தப் பார்வை, ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களுக்கு வருகிற பார்வை. "அப்பா, உள்ளே என்னப்பா?" "மாலுமி கண்ணு," என்றேன். கையைக் காதுக்குக் கொண்டுபோக நினைத்தேன், பாதியில் மறந்து மீசைக்குப் போய்விட்டது. "சரிப்பா," என்றான். இன்பராஜ் தலையை நிமிர்த்தவில்லை, பட்டியின் ஒட்டு வாயிலேயே லென்சை வைத்திருந்தார், ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பட்டியின் அகலத்தை அளந்தார், ஒரு இடத்தில் ஒரு அளவு, அடுத்த இடத்தில் வேறு அளவு. "இது கம்பெனி ஒட்டினது இல்லை," என்றார். "கையால வெட்டி, கையால ஒட்டினது. பசையிலயும் பச்சையா ஏதோ ஓடியிருக்கு பாருங்க, பாசி மாதிரி. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை." அடுப்படியில் புளித் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த வாசனை. பச்சையும் இல்லை நீலமும் இல்லை. பச்சை. பச்சையாக எதையோ பார்த்தேன், எங்கே, பாசி இல்லை, குளம் இல்லை, மயில், மயில் எங்கே வந்தது, மயில் கழுத்து, இல்லை, கழுத்து இல்லை, விரல். விரல் நுனி. ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடித்திருக்கிற விரல் நுனிகள், தட்டில் காராச்சேவு, நகக்கண் எல்லாம் மயில் நிறம்.

மயில்துத்தம். மைதா காய்ச்சுகிற பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் கரப்பான் அரிக்காது, பெட்டி ஒட்டுகிற வீடெல்லாம் அப்படித்தான் காய்ச்சும். சாத்தூரில் அந்தத் தெருவே பெட்டி ஒட்டுகிற தெரு, தீப்பெட்டிதான் முக்காலும், நடுவில் யாராவது வேறு பெட்டிக்கு அட்டை கொண்டுவந்து இறக்குவார்கள். பெண் பார்க்கப் போயிருக்கிறேன் நான், பல்பொடியைக் கண்டி வரைக்கும் கொண்டுபோய் விற்றேன், அங்கே யானைக்கெல்லாம் என் பொடிதான் என்று அவள் அப்பாவிடம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், காராச்சேவுத் தட்டை அவள் நீட்டினாள், விரலைப் பார்த்துவிட்டு எங்கம்மா என்னம்மா கையெல்லாம் பச்சையா இருக்கு, ஏதும் சீக்கா என்று கேட்டாள். இவள் நிமிர்ந்தே பார்க்காமல், மருதாணி வச்சேன் அத்தை, எனக்குப் பச்சையாத்தான் பிடிக்கும் என்றாள். பச்சையாகப் பிடிக்கிற மருதாணி. எங்கம்மா நம்பிவிட்டாள். எனக்குச் சேவு தொண்டையில் சிக்கிக்கொண்டது. அந்தத் தட்டில்தான் நான் விழுந்தேன். கல்யாணம் ஆகி வந்து கோவில்பட்டி வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள், சேலைக்கு அடியிலிருந்து இதை எடுத்தாள். லேபிளில் எழுத்து தப்பாகிவிட்டது, முதலாளி பார்த்துவிட்டுக் குதித்தான், மொத்தத்தையும் அடுப்பெரிக்க எடுத்துட்டுப் போங்கடி என்று ஒட்டுகிற வீடுகளுக்குத் தள்ளிவிட்டான், ஒரு மாதத்துக்கு எங்க தெரு முழுக்கப் புலி வெந்துச்சு, நான் ஒண்ணை மட்டும் ஒளிச்சு வச்சேன் என்றாள். மாலுமி இல்லை, ஜமீன் இல்லை, அடுப்புக்குத் தப்பின ஒரு புலி. "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன். "மேல எழுதியிருக்கறதுதான்." "கோலியா?" "நல்லா வாசிச்சுச் சொல்லுங்க." "புளி மார்க் கோலி." "அதுல உங்களுக்கு எது பிடிக்குதோ அது," என்றாள். பட்டியைப் பிடித்தேன், கையைத் தட்டிவிட்டாள். "இந்தா பாருங்க, நீங்க சொல்றீகளே கண்டி யானை, அதை எல்லாம் நான் பிரிச்சுப் பாக்காமத்தான கேட்டுக்கிட்டிருக்கேன். இது ஒண்ணை நீங்க பிரிக்காம வச்சிருங்க." அவ்வளவுதான். படி தட்டுப்பட்டுவிட்டது. பானையின் அடியில், இருந்த இடத்திலேயே, விளிம்பில் பச்சை ஏறி.

இன்பராஜ் லென்சைக் கழற்றி வைத்தார், கையுறையைக் கழற்றவில்லை. நேராக என்னைப் பார்த்து, முதல்தடவையாக, பெட்டியைப் பார்க்கிற மரியாதையோடு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, அட்டை அசல், அச்சு அசல். ஒட்டு மட்டும் யாரோ ஒரு ஆள் கை. இது எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க சொன்னா, நான் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடறேன். நீங்க சொல்றதுதான் இதுக்கு மதிப்பு." யார் பிள்ளையோ, நன்றாயிரு. என் வாயிலிருந்து வருவதற்கு மதிப்பு என்று உலகத்தில் ஒருத்தர் கேட்டுவிட்டார், அதுவும் என் மகன் காதுபட. சொல்லிவிடலாம். தப்பாக அச்சான லேபிள், எரிந்துபோன சரக்கு, ஒட்டினவள் பேர் சண்முகத்தாய். இவர் எழுதிக்கொள்வார், விசாரித்துப் பார்ப்பார், சாத்தூரில் எந்தக் கிழவியாவது ஆமாம் என்பாள், பெட்டிக்கு ஜோடியில்லை என்று ஆகிவிடும், திருமலைக்கு நெஞ்சு நிறைந்துவிடும், எங்கப்பா நிஜம் சொல்றார் என்று டாக்டருக்குப் போன் போடுவான். நிஜம் சொல்கிற ஆள். எனக்கு அந்தப் பேரா வேண்டும். அப்புறம் என்ன, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம்பா என்பான், உள்ளே இருக்கிறதையும் மெஷினில் வைத்துப் பார்த்துவிடலாம்பா, பிரிக்கவே வேண்டாம், படம் மட்டும் என்பான், என் தலையை வைக்கிற அதே குழாயில் அவள் பெட்டியையும் வைப்பான். கோலியா புளியங்கொட்டையா என்று அவள் என்னிடமே சொல்லவில்லை, மெஷினிடம் சொல்வாளா. என் தலைக்குள் பார், திங்கட்கிழமை வருகிறேன், தாராளமாகப் பார், புலி வால் தெரிந்தால் நான் பொறுப்பில்லை. இதற்குள் பார்க்கவிடமாட்டேன். நிஜம் கையில் இருக்கிறது, கனமாக, இப்போதுதான் கிடைத்தது. கையில் இருந்தால்தானே ஒளிக்க முடியும். ஒளிக்கிறேன். பார்த்துக்கொண்டே இருங்கள்.

"சொல்றேன் தம்பி, எழுதிக்கிடுங்க," என்றேன். இன்பராஜ் பேனாவைத் திறந்தார். "அந்தப் புலி இருக்கு பாருங்க, படத்துல, அது ஏன் வாயைத் திறக்காம உக்காந்திருக்கு? பல்வலி. புளியங்கொட்டையைக் கடிச்சுப் பல்லு ஆடிப்போச்சு. புளியரைப் பக்கம் காட்டுல அந்தக் காலத்துல புலி எல்லாம் சைவம், புளியம்பழம்தான் சாப்பாடு, அந்த ஊருக்குப் பேரே அப்படித்தான் வந்துச்சு. என் பல்பொடியைப் பத்திக் கேள்விப்பட்டு ராத்திரியோட ராத்திரியா கோவில்பட்டிக்கு நடந்து வந்துருச்சு. கதவைத் தட்டுது. கதவு எப்பவும் கீழ உரசும், பாவம், அது மூணு தள்ளு தள்ளித்தான் உள்ள வந்துது. நாங்க உக்காரச் சொன்னோம். எங்க வீட்டம்மா பயப்படலை, கையில பசை ஒட்டியிருக்கு, கழுவிட்டு வாறேன், நீங்க அதுக்குப் பல்லை விளக்கி விடுங்கன்னுட்டா. நான் பொடியைத் தொட்டு விளக்கறேன், ஒரு பல்லு கையோட வந்துருச்சு. புலி அழலை. பல்லைப் பாத்துது, என்னைப் பாத்துது. ஃபீஸ் குடுக்கணும்ல, அதுகிட்ட காசு ஏது, கழுத்துல ஒரு சுருக்குப் பையில கோலி வச்சிருந்துது, அதை எடுத்து மேஜையில கொட்டுச்சு. எங்க வீட்டம்மா அந்தக் கோலியையும் பல்லையும் ஒண்ணாப் போட்டு, இந்தப் பெட்டியில வச்சு, நீங்க பாக்கறீங்களே அந்தப் பசையால ஒட்டி எங்கிட்ட குடுத்தா. பிரிச்சா புலிக்குப் பல்லு கேட்டு வலி வந்துரும், அது நேரா இங்கதான் வரும், மூணாவது மாடி, லிஃப்ட்டு வேற அடிக்கடி நின்னு போகுது..."

பேனா தாளுக்கு மேல் நின்றுவிட்டது. அடுப்படியில் கரண்டி விழுந்தது, அகிலா புளிக் கையோடு வாசல்படிக்கு வந்து, கையால் வாயைப் பொத்த முடியாமல் புஜத்தில் வாயைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். திருமலை சிரிக்கவில்லை. என் முகத்துக்கு இடது பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான், பார்த்தபடியே நின்றான். எதைப் பார்க்கிறான் என்று நானும் கண்ணை மட்டும் திருப்பினேன், அப்போதுதான் தெரிந்தது, என் கை அங்கே இருக்கிறது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காது மடலைப் பிடித்து, மெதுவாக, சுகமாகத் தடவிக்கொண்டிருக்கின்றன. நான் கூட்டிப்போகவில்லை. அதுவாகப் போயிருக்கிறது.

"அளக்காதீங்கப்பா," என்றான் திருமலை. எரிச்சலோடுதான் சொன்னான், பழைய எரிச்சல், அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்கிற எரிச்சல். சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து, எதையும் எடுக்காமல், உள்ளே முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

இன்பராஜ் பாவம், பதறிப்போய், பெட்டிமேல் கிடந்த ஸ்கேலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"உங்களை இல்லை தம்பி," என்றேன். "நீங்க அளங்க. என்னைச் சொல்றான்."